மறைக்கப்படும் உபாதைகள்

சென்னை

அன்புள்ள மருமகளுக்கு மாமனின் ஆசீர்வாதம்.

புதுச்சத்திரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டாம் தவணைப் புற்றுநோய் மருந்து ஏறிய பிறகும் உன் அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை என்று நீ ஆறுதலோடு எழுதியிருக்கிறாய். எனக்கோ அந்த வாக்கியமே விசாரத்தைத் தந்தது. வலியை வாய்விட்டுச் சொல்லாதிருப்பதே குலஸ்திரீக்கு லட்சணம் என்று கற்று வளர்ந்தவள் என் தங்கை. அந்தப் பொறுமை ஊரில் அவளுக்கு எத்தனை கௌரவத்தைத் தேடித் தந்திருந்தாலும், இந்தச் சிகிச்சையில் அது அவளுக்குச் சத்துருவாகும்.

நிணநீர்ப் புற்றுக்கு அவளுக்கு ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. 1950களில் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அச்செடியின் இலை நீரிழிவுக்கு உதவுமா என்று பிராணிகளிடம் சோதித்தபோது, சர்க்கரை குறையாமல் இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. அதிலிருந்துதான் இவ்வகை மருந்துகள் பிறந்தன. வின்கிரிஸ்டின் நரம்பையும் தொடும். விரல் நுனி மரத்துப்போகும், குடலின் அசைவு மந்தப்படும். மரத்திருக்கிறதா என்று கேட்டால் உன் அம்மா இல்லையென்றே சொல்வாள். ஆகையால் ரவிக்கைக் கொக்கியை மாட்டத் தடுமாறுகிறாளா, செருப்புக் கழன்றது தெரியாமல் நடக்கிறாளா என்று நீயே கவனித்து, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டு; அவர் மருந்தின் அளவைக் குறைப்பதற்கு வழியுண்டு, காலம் கடந்தால் அந்த மரப்பு நிலைத்துவிடவும் கூடும். மலச்சிக்கலுக்கு இளக்கும் மருந்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடு. நீயாக எனிமா கொடுக்காதே. மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படாதே, அது அவளுக்கு ஏற்றப்படும் இன்னொரு மருந்தான டாக்சோரூபிசினின் நிறம்.

வாய்ப்புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் செய். காரத்தை நிறுத்து. நம் நாமக்கல் ஜில்லாவில் முட்டைக்குப் பஞ்சமில்லை, புரதமும் அவளுக்கு அவசியம். ஆனால் மஞ்சள் கரு கெட்டிப்படும்வரை வேகாத முட்டையை அவளிடம் நீட்டாதே.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஜுரம். மருந்து ஏறிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் தாழ்ந்திருக்கும். அப்போது வரும் சிறு ஜுரமும் உயிருக்கு ஆபத்தாகலாம். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது, அம்மிணி. தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இராமல், அர்த்தராத்திரியானாலும் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, வண்டி பிடித்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுபோ. போனதும், புற்றுநோய்க்கு மருந்து ஏறியிருக்கிறது, இன்று இத்தனையாம் நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்.

உறவினர் கொல்லிமலை மூலிகை கொண்டுவந்தால் அவர்கள் அன்பை ஏற்றுக்கொள். மூலிகையை டாக்டரைக் கேளாமல் கொடுக்காதே. மருந்தை ஈரல் பக்குவம் செய்யும் முறையையே சில செடிகள் மாற்றிவிடக்கூடும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை காணச் செய்தது. அந்தத் தங்கையின் நாளில் சொல்லியும் செய்வதற்கு அதிகம் இல்லை. இன்று வாந்திக்கும், வலிக்கும், புண்ணுக்கும், தூக்கமின்மைக்கும் தனித்தனியே பரிகாரம் இருக்கும்போது, ஒருத்தி சொல்லாமல் துன்புறுவதை நான் எப்படிச் சகிப்பேன்?

இக்கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அண்ணன் கேட்கிறான் என்று சொல்லி, அவள் உண்மையாகச் சொல்லும் உபாதைகளை ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. மூன்றாம் தவணைக்கு நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமன்