பிஞ்சுக் கையும் முதல் எழுத்தும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது பழமொழி. அதை நம்பி, நான்கு வயதுத் தம்பியை வளைக்க முயன்றேன். தினமும் மாலையில் அவன் கையைப் பிடித்து அழுத்திப் பலகையில் ‘அ’ எழுத வைத்தேன். பத்தே நாளில் பலகையைக் கண்டாலே அழத் தொடங்கினான். ஒரு நாள் அதை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டான்.

எங்கள் அப்பாயி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பி, “வா சாமி, இதுல ஒரு கோழிமுட்டை போடு” என்றார். தம்பி விரலால் வட்டம் போட்டான், சிரித்தான். தட்டைக் குலுக்கினால் பிழை மறைந்துவிடும், மீண்டும் போடலாம்.

இது புதிய முறையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே கற்றனர். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைக் குழந்தைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இதைக் கண்டு தம் மாணவருக்கும் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 1907-இல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவிப் பார்க்கச் செய்தார். 1939-இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

விரலுக்கு ஏன் முதலிடம்? பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக உறுதிப்படப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதளவில் கிறுக்குவர். மூன்றில் வட்டமும், நான்கில் கூட்டல் குறியும், ஐந்தில் சதுரமும் பார்த்து வரைவர். முக்கோணம் அதன் பின்னரே வரும். ‘அ’ என்னும் எழுத்திலோ சுழி, வளைவு, கோடு மூன்றும் உள்ளன. ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை, எளியவை. நான் செய்த தவறு அப்போதுதான் விளங்கிற்று.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை:

1. களிமண் பிசைதல், மாவு உருட்டுதல், மொச்சை உரித்தல் ஆகியவற்றில் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல்கள் வலுப்பெறும்.

2. வாசலில் நான்கு புள்ளி வைத்து இணைக்கச் சொல்லுங்கள். கோலம் போடும் கைக்கு எழுத்தின் வளைவு எளிதில் வரும். ஆண் பிள்ளைகளும் போடலாம்.

3. சிறிய சாக்பீஸ் துண்டைக் கொடுங்கள். அதை முழுக்கையால் பற்ற முடியாது. விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும்.

4. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம் உண்டு. அதை அடித்து மாற்றாதீர்கள்.

5. குழந்தையின் படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். “இதைப் பற்றிச் சொல்” என்று கேளுங்கள்.

படம் வரைவது வீண் வேலையன்று. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை (1888–1972) சிறந்த ஓவியருமாவார். பாட்டெழுதிய அதே கைதான் படமும் தீட்டியது.

சென்ற வாரம் தம்பி தானாகவே பலகையை எடுத்து வந்தான். ‘ட’ எழுதி, அதன் கீழே இரண்டு சக்கரம் போட்டு, “அக்கா, லாரி!” என்றான். நான் அழித்துத் திருத்தவில்லை. “எங்கே போகிறது?” என்றேன். “நாமக்கல்லுக்கு” என்றான்.

அன்புப் பெற்றோரே, அக்காமாரே! பிஞ்சுக் கையை இழுக்காதீர்கள். அதன் பின்னே நடந்து செல்லுங்கள். எழுத்து தானே வந்து சேரும்.