அப்பாவின் துப்பாக்கி இனி யார் பெயரில்?

தோட்டம், எஸ்டேட் வைத்திருந்த பல குடும்பங்களில், காட்டுப்பன்றியை விரட்ட அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இன்னும் பீரோவில் இருக்கும். பெரியவர் காலமானதும் பட்டாவுக்கும் பேங்க் கணக்குக்கும் அலைகிற பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

1. துப்பாக்கி வாரிசுக்குச் சேரும், லைசென்ஸ் சேராது. உயிலில் உங்கள் பெயரை எழுதி வைத்திருந்தாலும், உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 'அப்பாவுடையதுதானே' என்று சொல்லித் தப்ப முடியாது.

2. காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், உள்ளூர் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து துப்பாக்கியை ஒப்படையுங்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமும் ஒப்படைக்கலாம். எப்படிக் கொண்டுவருவது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்ட பிறகே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பழக்கமில்லாதவர்கள் திறந்து பார்க்கவே கூடாது.

3. ரசீதுதான் உங்கள் உயிர்நாடி. 'துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது' என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். தயாரித்த கம்பெனி, ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, 12 போரா வேறா, துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, நிலைய முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கட்டையில் விரிசல், துரு இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது எழும் தகராறுகள் பெரும்பாலும் இந்த ஒரு தாளில் தீர்ந்துவிடும்.

4. லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்படைக்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பழைய புத்தகம் கிழிந்து புதிது எழுதும்போது 3 என்பது 8 ஆகியிருக்கலாம். தேய்ந்த எண்ணின்மேல் சாக்பீஸ் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெளியும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண் அழிந்த துப்பாக்கி பெரிய வம்பு.

5. புத்தகமே காணவில்லையா? லைசென்ஸ் கொடுத்த அலுவலகப் பதிவேட்டில் விவரம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து வாங்கிய பழைய ரசீதுகள் பெட்டியில் கிடந்தால் அவையும் நல்ல ஆதாரம்.

6. வைத்துக்கொள்ள விருப்பமென்றால், மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகத்திலும் மாநகரங்களில் கமிஷனர் அலுவலகத்திலும் உங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுக்கு இதற்கு வழி செய்திருக்கின்றன. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ், ஒப்படைத்த ரசீது, உடல்நல மனநலச் சான்று ஆகியவற்றோடு, மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரமும் தயாராக இருக்கட்டும். கல்யாணமாகிப் போன சகோதரிகளும் வாரிசுகளே. அவர்கள் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

7. ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம்.

8. பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே செய்வதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அவருக்கு 70 வயது நிரம்பினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாமே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அந்த வாரிசின் பெயரில் லைசென்ஸ் கேட்க விதியில் இடமுண்டு. எண் எங்கே பொறித்திருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்குள் மனக்கசப்பும் வராது.

9. யாருக்கும் வேண்டாமென்றால், அதிகாரியின் அனுமதியோடு ஆயுத விற்பனையாளருக்கோ லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ விற்றுவிடலாம்; பணம் வாரிசுகளுக்கு வரும். ஒப்படைத்துவிட்டு அப்படியே விட்டால், காலக்கெடு கடந்தபின் அரசுடைமை ஆகிவிடும்.

10. மீந்த தோட்டாக்களைக் குப்பையிலோ அடுப்பிலோ கிணற்றிலோ போடாதீர்கள். எண்ணி, துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.