ஆழமும் வேறுபாட்டு ஈவும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கரையில், மணப்பாட்டிற்குத் தெற்கே அமைந்த கடலோர ஊர் பெரியதாழை. இவ்வூரை உள்ளடக்கிய நெடுங்கரை வரலாற்றில் முத்துக்குளித்துறை என வழங்கப்பெற்றது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைக் கடலோடிகள் 'பார்' என்பர். அவற்றுள் பல ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. குளிப்பவர், கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் காலூன்றி, மூச்சடக்கிக் கீழிறங்குவார்; சிப்பிகளை அள்ளியதும் கயிற்றை அசைப்பார்; படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகிறது.

நீருள் இறங்குபவரின் மார்பினுள் அடைபட்ட காற்று என்னவாகிறது? கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3 என அது சீராக ஏறும். எந்த இடத்தில் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. இதற்கு நுண்கணிதம் வேண்டியதில்லை. காற்றின் பருமனோ அவ்வாறு சீராக மாறுவதில்லை. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனையில் ஒரு பங்காகப் பருமன் சுருங்கும் என்பது பாயில் விதி. 6 லிட்டர் காற்றோடு ஒருவர் இறங்குவதாகக் கொள்வோம். ஆழத்தை 'ஆ' என்றும் அவ்வாழத்தில் காற்றின் பருமனைப் 'ப(ஆ)' என்றும் குறித்தால்,

ப(ஆ) = 60 ÷ (10 + ஆ)

ஆகவே 10 மீட்டரில் 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் 1.5 லிட்டர். முதல் பத்து மீட்டரில் காற்று 3 லிட்டர் சுருங்கியது. அடுத்த பத்தில் 1 லிட்டர். அதற்கடுத்த பத்தில் அரை லிட்டர் மட்டுமே. பருமனில் ஏற்பட்ட வேறுபாட்டை ஆழத்தில் ஏற்பட்ட வேறுபாட்டால் வகுத்தால் மீட்டருக்கு முறையே −0.3, −0.1, −0.05 லிட்டர் கிடைக்கின்றன. பருமன் குறைவதைக் குறைக்குறி காட்டுகிறது. வேறுபாட்டை வேறுபாட்டால் வகுத்துப் பெறும் இந்த ஈவே வேறுபாட்டு ஈவு.

ஆனால் −0.3 என்பது முழுப் பத்து மீட்டருக்குமான சராசரி. தலை நீரில் மூழ்கும் அந்த இடத்தில் வீதம் என்ன? இடைவெளியைச் சுருக்கிப் பார்ப்போம். முதல் 5 மீட்டருக்கு −0.4, முதல் 2 மீட்டருக்கு −0.5, முதல் 1 மீட்டருக்கு ஏறத்தாழ −0.545, முதல் 0.1 மீட்டருக்கு ஏறத்தாழ −0.594. எண்கள் −0.6 என்பதை நெருங்குகின்றன. அங்கேயே போய்ச் சேரும் என்பதை எண்களைப் பார்த்து மட்டும் உறுதி செய்ய இயலாது. பொதுவாகக் கணக்கிட வேண்டும். சிறிய இடைவெளியைச் 'சி' என்க.

ப(ஆ + சி) − ப(ஆ) = −60 சி ÷ [(10 + ஆ)(10 + ஆ + சி)]

இதனைச் சி-யால் வகுத்தால்,

வேறுபாட்டு ஈவு = −60 ÷ [(10 + ஆ)(10 + ஆ + சி)]

மாணவர் பலர் இங்கேதான் தடுமாறுவர். தொடக்கத்திலேயே சி-க்குச் சுழியத்தை இட்டால் மேலும் கீழும் சுழியமாகி, பொருளற்ற வடிவம் எஞ்சும். சி சுழியமன்று என்று கொண்டு முதலில் சுருக்கிய பின்னரே அதனைச் சுழியத்தை நெருங்கவிட வேண்டும். முதலில் சுழியமன்று என்றும் பின்னர்ச் சுழியமென்றும் கொள்வது ஏமாற்று அன்றோ என்று 1734இல் அயர்லாந்து நாட்டுப் பெர்க்லி எழுப்பிய கேள்வி நேர்மையானது. சி சுழியமாவதில்லை, ஈவு எந்த மதிப்பை வேண்டிய அளவு நெருங்குகிறதோ அதுவே எல்லை என்னும் தெளிவு, கோஷி 1821இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே நிலைபெற்றது. ஒரு கணத்திற்குரிய வேகத்தைத் தனியே எண்ணும் வழக்கமோ மிகப் பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் கோள்களின் 'தாத்காலிக கதி' பேசப்படுகிறது.

நம் கணக்கில் எல்லை −60 ÷ (10 + ஆ)² ஆகிறது. நீர்மட்டத்தில் −0.6; 20 மீட்டரில் ஏறத்தாழ −0.067. ஒன்பது மடங்கு வேறுபாடு!

மூச்சடக்கி இறங்கியவர் மேலே வருகையில், அவர் கொண்டுசென்ற காற்றே பழைய அளவுக்கு விரிகிறது. குழாய்வழிக் காற்றைச் சுவாசித்துக் குளிப்பவரின் நிலை வேறு. 20 மீட்டர் ஆழத்தில் அவர் நெஞ்சில் நிறைப்பது மூன்று மடங்கு அழுத்தமுள்ள 6 லிட்டர். நீர்மட்டத்தில் அது 18 லிட்டராக விரிய முயலும். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியும். எனவே காற்றை வெளியேற்றிக்கொண்டே மெல்ல ஏற வேண்டும் என்று குளிப்பவர்க்குக் கற்பிக்கின்றனர். இந்தக் காற்றுக்குச் சார்பு 180 ÷ (10 + ஆ). இருபதாம் மீட்டரிலிருந்து பத்தொன்பதாம் மீட்டருக்கு ஏறும்போது விரிவு 0.2 லிட்டரைச் சற்றே தாண்டும். கதிரவன் ஒளி கண்ணுக்குத் தெரிய, விரைந்து எழத் தோன்றும் அந்தக் கடைசி மீட்டரில் மட்டும் விரிவு 1.6 லிட்டருக்கும் மேல்.