கூட்டம் வரும் முன் ஸ்டார்வ்டு ராக்

சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டார்வ்டு ராக் புதிய பெயர் அல்ல. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் நயாகரா, அதற்கு லீவு கிடைக்காவிட்டால் இது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பி, பார்க்கிங் தேடி அரை மணி நேரம் சுற்றி, வரிசையில் நின்றதுபோலப் பாறை ஏறி, அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாததைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று திரும்பியவர்கள் நிறைய. நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். இடத்தில் குறை இல்லை, போன நேரம் சரியில்லை. அங்கே ஓர் இரவு கூடாரம் போட நல்ல காரணம் ஒன்றே ஒன்றுதான்: காலை ஏழு மணிக்குப் பாதையில் இருக்கலாம். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லினாய் ஆற்றின் தென்கரையில், யூட்டிகா என்ற சிற்றூரை ஒட்டி இருக்கும் இந்தப் பூங்காவில் 18 மலை இடுக்குகள் உள்ளன. கேன்யன் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். இவற்றின் அருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு வற்றாத ஊற்று கிடையாது. பனி உருக வேண்டும், அல்லது மழை பெய்ய வேண்டும். ஆகவே ஏப்ரலும் மே மாதமும் சிறப்பு. ஜூலையில் போனால் பெரும்பாலும் ஈரக்கறை படிந்த பாறைதான் கிடைக்கும். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது அழகு கொள்ளை கொள்ளும், ஆனால் சிகாகோவே அங்கே வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது மே மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள்.

அடுத்தது முன்பதிவு. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கூடாரம் போடுவதற்கு உண்டு. மொத்தம் 133 இடங்கள், எல்லாவற்றிலும் மின் இணைப்பு இருக்கிறது. மாநில இயற்கைவளத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். வார இறுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஞாயிறு இரவைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு போனாலும் நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கை: ஆற்றங்கரைப் பூங்கா என்பதால் கூடாரத்துக்கு வெளியே ஆறு ஓடும் என்று நினைக்காதீர்கள். கூடாரத் திடல் ஆற்றை விட்டு உள்ளே தள்ளி, 71ஆம் எண் சாலையின் மறுபுறம் இருக்கிறது. பூங்காவுக்குப் பெயர் தந்த பாறைக்கும் கேன்யன்களுக்கும் அங்கிருந்து கார் எடுத்துத்தான் போக வேண்டும்.

சிகாகோவிலிருந்து ஏறக்குறைய 95 மைல். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே வந்து, 81ஆம் எண் எக்ஸிட்டில் இறங்கி, 178ஆம் எண் சாலையில் தெற்கே திரும்பினால் யூட்டிகா. அதைத் தாண்டி ஆற்றுப் பாலம். விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வராதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு விறகுக்கட்டைக்குள் ஒளிந்துதான் ஊர் விட்டு ஊர் போகிறது. அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

இருட்டுவதற்குள் கூடாரம் நின்றுவிட வேண்டும். சமையலைப் பெரிதாக இழுத்துக்கொள்ளாதீர்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போனால் தீர்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு பருக்கை விடாமல் எடுத்துக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ரக்கூனுக்குக் கை உண்டு, மூடி திறக்கத் தெரியும். மேசை மேல் வைத்த முறுக்கு டப்பாவை நள்ளிரவில் அது திறந்த சத்தம் கேட்டு நாங்கள் விழித்தோம். விளக்கடித்தபோதும் ஓடவில்லை, இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டுதான் போனது.

காலையில் காபியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, ஏழு மணிக்குப் பார்வையாளர் மையத்தின் பார்க்கிங்கில் இருங்கள். முதலில் பாறை. தூரம் கால் மைல் சொச்சம்தான், மரப்படிகள் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறலாம். உயரம் 125 அடி. பலர் உச்சியில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் உட்காருங்கள், ஏனென்றால் இல்லினாய் மாநிலத்தின் பழைய கதையில் முக்கியமான பகுதி அந்த உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தது.

எதிர்க்கரையில் இல்லினாய் இனத்தின் ஒரு பிரிவான கஸ்காஸ்கியா மக்களின் பெரிய ஊர் இருந்தது. 1673இல் பிரெஞ்சுப் பயணிகளான ஜோலியேவும் மார்க்கெத் பாதிரியாரும் படகில் வந்தபோது அவர்களை வரவேற்ற ஊர் அதுதான். பத்தாண்டுக்குள் லா சால் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய தோழர் தோந்தியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே பாறைமேல் செயின்ட் லூயி கோட்டையைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை வெறுமனே 'பாறை' என்றுதான் அழைத்தார்கள். ஸ்டார்வ்டு ராக், அதாவது பட்டினிப் பாறை என்ற பெயர் பின்னால் வந்த கதையால் ஒட்டிக்கொண்டது. 1769இல் ஒட்டாவா இனத் தலைவர் பான்டியாக் கொல்லப்பட்டார். கொன்றவர் இல்லினாய் இனத்தவர். பழிவாங்க வந்தவர்கள் இல்லினாய் மக்களை இந்த உச்சிக்குத் துரத்தி முற்றுகையிட்டார்களாம். மேலிருந்தவர்கள் கயிறு கட்டி ஆற்றில் தண்ணீர் மொண்டபோது கீழிருந்தவர்கள் கயிற்றை அறுத்தார்களாம். 'ஆம்' போட்டே இதைச் சொல்கிறேன். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஒரு வீடுகூட மிஞ்சாத எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது மட்டும் கதை கனக்கிறது.

1911இல் மாநில அரசு இந்த நிலத்தை வாங்கிப் பூங்கா ஆக்கியது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசு அமைத்த படைதான் இங்குள்ள மரத்தாலான லாட்ஜைக் கட்டியது. கூடாரம் ஒத்துவராதவர்களுக்கும், குளிர்காலத்தில் வருபவர்களுக்கும் அதுவே சரி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆற்றின் குறுக்கே உள்ள அணைக்குக் கீழே தண்ணீர் உறையாமல் ஓடுவதால், மீன் தேடி வெண்தலைக் கழுகுகள் கூடும். அவற்றையும் பாறை உச்சியிலிருந்தே பார்க்கலாம்.

பாறையிலிருந்து இறங்கியதும் கேன்யன்கள். குழந்தைகள் இருந்தால் பிரெஞ்சு கேன்யன், வைல்ட்கேட் கேன்யன் இரண்டும் போதும். வைல்ட்கேட் ஒரு மைல் தூரம். நடக்கத் தெம்புள்ளவர்கள் லசால் கேன்யன் வரை போங்கள். அங்கே அருவிக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வரலாம். சுவரைத் தொட்டுப் பாருங்கள், விரலில் மணல் ஒட்டும். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடற்கரை மணல் இறுகிய பாறை அது.

மணல் ஒட்டுகிற பாறை என்பதால்தான் விளிம்பில் நிற்கக் கூடாது என்கிறேன். ஈரமானால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் உதிரும். வேலி தாண்டிப் படம் எடுக்கப் போய் விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ஆற்றிலும் அருவிக் குட்டையிலும் குளிக்க அனுமதி இல்லை. குற்றால நினைப்பில் துண்டோடு போகாதீர்கள். மூன்று மூன்று இலையாகக் கிடக்கும் செடி எதையும் தொடாதீர்கள், பாய்சன் ஐவியாக இருந்தால் இரண்டு வாரம் சொறிய வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பியதும் குழந்தைகளின் காதுப் பின்புறம், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதினொரு மணிக்குள் கூட்டம் வந்துவிடும். வார இறுதியில் பார்க்கிங் நிறைந்தால் வாசலையே மூடிவிடுவதும் உண்டு. நீங்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு புறப்படலாம். வீட்டுக்குப் போகும் வழியில் பாலம் தாண்டியதும் வலப்பக்கம் டீ பென்னெட் சாலையில் திரும்புங்கள். அணையை ஒட்டிய மையத்தில் நின்றால், சரக்குப் படகுகளை மதகுக்குள் அடைத்து நீரை ஏற்றி இறக்கி மறுபுறம் விடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து நிமிர்ந்தால் எதிரே முழுப் பாறையும் தெரியும். அதன் மேல் நின்றுகொண்டு யாருக்கும் கிடைக்காத படம் அது. கேமராவை மூட்டை கட்டிவிடாதீர்கள்.