பள்ளிக்கரணைக்கு வரும் குட்டி விருந்தாளிகள்



வேடந்தாங்கல் எல்லோருக்கும் தெரியும். நம்ம பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் வெளிநாட்டுப் பறவைகள் வருதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை சுமார் 25 கிராம்தான். ஒரு எலுமிச்சம்பழம்கூட அதைவிட கனமா இருக்கும்! வடதுருவத்தை ஒட்டிய பகுதியில் அது குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் அங்கே தரை உறைஞ்சிடும், புழு பூச்சி கிடைக்காது. அதனால் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்ம பக்கம் வருது. கோடையில் திரும்பிப் போயிடும்.

இங்கே என்ன இருக்கு? சேறு! அதில் புழு, நத்தை, பூச்சி எல்லாம் இருக்கு. உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. அது ஓடி ஓடி மேலாகக் கொத்தும். கருவால் மூக்கனுக்கு அலகு சுமார் 10 செ.மீ. நீளம். அது ஆழமாகக் குத்தி எடுக்கும். அதனால் ஒரே சேற்றில் இரண்டுக்கும் சாப்பாடு கிடைக்குது.

ஆனால் இவை வாத்து மாதிரி நீந்தி மேயாது, நின்னுதான் சாப்பிடும். எனவே தண்ணீர் ஒரு சாணுக்கும் குறைவா இருக்கணும். "தூர் வாரி ஆழமாக்கினா நல்லதுதானே டீச்சர்?" என்று கேட்டேன். "ஏரிக்குச் சரிம்மா. சதுப்பு முழுசையும் ஆழமாக்கினா உள்ளான் எங்கே நிற்கும்?" என்றார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சதுப்பு சுமார் 50 சதுர கி.மீ. இருந்தது. கட்டடங்கள், சாலைகள், பெருங்குடி குப்பைமேடு எல்லாம் வந்து சுருங்கிப் போச்சு. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் மதிக்கப்படும் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணைக்குத்தான் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகும். நம்ம தெருக் கால்வாயில் போடும் பிளாஸ்டிக் கவரும் அதே வழியில் போய் அந்தச் சேற்றை மூடும். சதுப்பு சுருங்கினால் மழைத்தண்ணீர் நிற்க இடமில்லாமல் வீடுகளுக்குள் வரும். 2015 வெள்ளத்தைப் பற்றி உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க!

சேற்றை 'வீண் நிலம்'னு யாராவது சொன்னால், அது பறவைக்குச் சாப்பாட்டுத் தட்டு, நமக்கு வெள்ளத் தடுப்புன்னு சொல்லுங்க. கால்வாயில் குப்பை போடாதீங்க, போடுறவங்களையும் தடுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி