மோட்டார் பட்டறையும் ஏழாம் கற்பனையும்



நம் விருத்தாசலத்தில் பீங்கான் வாங்கத் தெரிந்தவர் எவரும் பாத்திரத்தின் பளபளப்பைக் கண்டு மயங்கிவிடுவதில்லை. கோப்பையை ஒரு கையில் ஏந்தி, மறு கை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று ஓசை வந்தால் வாங்குவார். ஓசை மழுங்கினால் கீழே வைத்துவிடுவார். உள்ளே கீறல் விட்ட பாண்டத்துக்கு எவ்வளவு மெருகு பூசிச் சூளையில் வைத்தாலும், மெருகு கீறலை மறைக்குமேயன்றி ஒட்டவைக்காது. இது நம் ஊர்ச் சிறுவரும் அறிந்த காரியம்.

அதே நாம், மோட்டார் காரைப் பட்டறையில் விட்டுத் திரும்ப வாங்கும்போது மட்டும் சுண்டிப் பார்ப்பதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பிறகு ஏமாந்தோம் என்று புலம்புகிறோம். இந்த வாரப் பாடம் இதைப் பற்றியது.

ஓர் உதாரணம்

ஒரு குடும்பத்தலைவர் கடன் வாங்கி, பழைய கார் ஒன்றை எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வயதான தாயாரை மாதம் ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதற்காகவே அதை எடுத்தார். ஒரு நாள் நெய்வேலியைத் தாண்டுமுன் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்து, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று மாற்றினார். பத்து நாளில் மறுபடியும் கொதித்தது. தண்ணீர் பம்பு என்றார், அதற்கும் பணம். மூன்றாம் முறை ரேடியேட்டர், அதற்கும் பணம். நான்காம் முறை, "ஹெட் கேஸ்கட் போய்விட்டது சார், எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார். கையில் இருப்பதோ மொத்தத் தொகை மாத்திரம் கிறுக்கிய மூன்று துண்டுக் காகிதங்கள். கழற்றிய பழைய சாமான்கள் எங்கே என்று கேட்டால், "காயலான் கடைக்குப் போய்விட்டது" என்ற பதில்.

இந்நிலையில் மனிதர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒருவர், "போகட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று வேறு பட்டறையைத் தேடிப் போய்விடுகிறார். மற்றொருவர், டீக்கடையில் நின்று, "அவன் திருடன்" என்று ஊரறியப் பேசுகிறார். முதலாமவர் தம்மைப் பொறுமைசாலி என்று எண்ணுகிறார். இரண்டாமவர் தம்மை நீதிமான் என்று எண்ணுகிறார். இருவரும் தவறுகிறார்கள். முன்னவருடைய மௌனத்தால் அடுத்து வருகிறவனும் ஏமாறுவான். பின்னவருடைய பேச்சால், குற்றமற்ற ஒருவரின் பிழைப்பு கெட்டுப்போகவும் கூடும்.

அவர் திருடரா, தவறினவரா?

இதுவே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. எஞ்சின் கொதிப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. தெர்மோஸ்டாட் திறவாமற் போகலாம், தண்ணீர் பம்பு சுற்றாமற் போகலாம், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளலாம், மின்விசிறி ஓடாமலிருக்கலாம், ஹெட் கேஸ்கட் கிழிந்து, எரிந்த வாயு தண்ணீரோட்டத்தில் கலக்கலாம். ஐந்துக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: சூட்டு முள் மேலே ஏறும். ஆகையால் யோக்கியமான மெக்கானிக்கும் முதல் முறை தவறக்கூடும். பழைய வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு பழுது இருப்பதும் உண்டு. அன்றியும், கேஸ்கட் நன்றாயிருந்த வண்டியைக் கொதிக்கக் கொதிக்க நாமே ஓட்டி வந்து அதைக் கெடுத்திருக்கவும் கூடும்.

ஆயினும் ஊகித்து ஊகித்துச் சாமானை மாற்றுவது தொழிலாகாது. தண்ணீரோட்டத்தில் அழுத்தம் ஏற்றிக் கசிவைக் காணலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கலாம். எரிவாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மருந்துச் சோதனையும் உண்டு. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும், புகைக்குழாயிலிருந்து வெண்புகை ஓயாமல் வந்தாலும், கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். (எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது, கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.) ஒரு சோதனையும் செய்யாமல் மூன்று முறை பணம் வாங்கினவர், திருடர் அல்லவென்றாலும், அசட்டையானவர் என்பதில் ஐயமில்லை.

திருட்டு வேறு. மாற்றாத சாமானுக்குப் பணம் வாங்குவது, பழையதைத் துடைத்துப் புதியதென்று பூட்டுவது, மட்டமான சாமானைப் போட்டுக் கம்பெனிச் சாமானின் விலையைப் போடுவது, பில் தர மறுப்பது, செய்த வேலையைச் செய்யவில்லை என்று பிறகு சாதிப்பது ஆகிய இவை கைத்தவறுகள் அல்ல, அறிந்தே செய்பவை.

1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கற்பனைக்கு விரோதமானவற்றை எண்ணிச் சொல்லும்போது, பொய்ப் பில் தயாரிப்பதை மட்டும் சொல்லவில்லை; மோசமாகச் செய்த வேலையையும் அதே வரிசையில் வைக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்துக் கொடுப்பதும் பிறன் பொருளைக் கவர்வதே. ஆனால் எட்டாம் கற்பனையும் இருக்கிறது. ருசுவில்லாமல் ஒருவரைத் திருடர் என்று சொன்னவர், பணத்தை இழந்ததோடு நில்லாமல் தாமும் ஒரு கடனாளி ஆகிறார். பிறர் நற்பெயருக்குக் கடனாளி.

வண்டியை விடுமுன்

சந்தேகம் பிறந்த பிறகு ருசு தேடுவது கடினம். வண்டியை விடும்போதே இவற்றைச் செய்துகொள்க.

1. நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "பம்பை மாற்றுங்கள்" என்று நீங்களே சொன்னால், பம்பை மாற்றியதோடு அவர் பொறுப்பு முடிந்தது. "இருபது கிலோமீட்டர் ஓடினால் முள் மேலே ஏறுகிறது" என்று சொன்னால், அதைத் தீர்ப்பது அவர் பொறுப்பு.

2. ஜாப் கார்டில் தேதி, கிலோமீட்டர் அளவு, நீங்கள் சொன்ன குறை, உத்தேசச் செலவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். சிறு பட்டறையில் ஜாப் கார்டு இராது. நீங்களே நோட்டுப் புத்தகத்தில் எழுதி அவர் கையெழுத்தைக் கேளுங்கள். அதிக வேலை வந்தால் உங்களைக் கேட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள்.

3. கழற்றிய பழைய சாமானையும், புதிய சாமான் வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். இது அவமரியாதை அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1971-ம் ஆண்டுச் சட்டம், எழுத்து மூலமான உத்தேசச் செலவையும், வாடிக்கையாளர் கேட்டால் பழைய சாமானைத் திருப்பித் தருவதையும் பட்டறைகளின் கடமையாகவே வைத்தது.

4. சாமானுக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் விலை காட்டிய பில்லை வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் தொகை குறையும் என்ற ஆசைக்கு இணங்காதீர்கள். அந்தச் சிறு லாபத்துக்காக உங்கள் ருசுவை நீங்களே விற்றுவிடுகிறீர்கள்.

5. பணம் கொடுக்குமுன், மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து, குறை தோன்றும் தூரம் வரை ஓட்டிப் பாருங்கள். பீங்கானைச் சுண்டுவது இதுவே.

இந்த ஐந்தும் உங்களை மட்டும் காக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யோக்கியமான மெக்கானிக்கை உங்கள் வீண் சந்தேகத்தினின்றும் காக்கின்றன.

மூன்று படிகள்

குற்றம் செய்த சகோதரனிடம் நடந்துகொள்ளும் முறையை அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் காண்கிறோம். முதலில் தனியே பேசுவது. கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போவது. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்வது. உலகக் காரியத்திலும் இதைவிட நல்ல வரிசை இல்லை.

முதற் படி: தனியே போங்கள். கூட்டம் இல்லாத வேளையாகப் போங்கள். "தம்பி, மூன்று முறை வண்டியை உங்களிடமே கொடுத்தேன், குறை தீரவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. சோதித்துக் காரணத்தைக் காட்டுங்கள், தப்பான வேலைக்கு வாங்கிய கூலியை இதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். மானமுள்ள மனிதர் இதிலேயே வழிக்கு வருவார். பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: சாட்சி. வேறொரு பட்டறையில் வண்டியைச் சோதித்து, கண்ட பழுதை எழுத்தில் வாங்குங்கள். பிரிக்குமுன்னும் பிரித்த பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு முழுவதும் ரிப்பேர் செய்துவிட்டால் ருசு அழிந்துபோகும். பிறகு கடிதம் எழுதுங்கள்: தேதி, தொகை, நடந்தது, கேட்பது, பதினைந்து நாள் தவணை. வசைச்சொல் ஒன்றும் வேண்டாம். முன்னெல்லாம் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புவது வழக்கம். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டதால், இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பொது நீதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோருக்கு உரிமை உண்டென்ற எண்ணம் உலகில் பழமையானதன்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 மார்ச் 15-ல் தம் நாட்டுப் பாராளுமன்றத்துக்கு விடுத்த செய்தியில், பாதுகாப்பு, தகவல், தெரிவு, முறையிடல் ஆகிய நான்கு உரிமைகளை எடுத்துச் சொன்னார். நம் நாட்டின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24-ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. பாலன் பிறப்பின் முந்தின நாளை நாடு தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுவது இதனாலேயே. அதற்குப் பதிலாக 2019-ல் இயற்றிய புதிய சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது.

அதில் நமக்கு வேண்டியவை இவை. கூலி பெற்றுச் செய்யும் வேலையில் குறை வைப்பது சேவைக் குறைபாடு. பில் தராமலிருப்பதை நியாயமற்ற வணிகமுறைகளில் ஒன்றாகச் சட்டம் சேர்த்திருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை, தாமே வாதாடலாம். சேலத்திலோ சென்னையிலோ ரிப்பேர் செய்த வண்டியானாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். இது புதிய சட்டம் தந்த வசதி. ஆணையம் வாங்கிய கூலியைத் திருப்பித் தரவும், நஷ்ட ஈடும் செலவும் கொடுக்கவும் உத்தரவிடலாம். மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் தீர்க்க முயல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதற்கு மேலும் நீளலாம் என்பதை அறிந்தே இறங்க வேண்டும். வியாபார நோக்கத்துக்காகப் பெற்ற சேவை இச்சட்டத்தில் அடங்காது. ஆகையால் வாடகை வண்டியும் சரக்கு வண்டியும் வைத்திருப்போர் முதலில் சட்டம் அறிந்தவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

நம் பங்கிலுள்ள கடமை

நீதி இரு பக்கமும் வெட்டும். ஒழுங்காகச் செய்த வேலைக்குக் கூலியை இழுத்தடிப்பதும் களவே. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ம் பிரிவு, ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்திச் செய்து முடித்தவர், தமக்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்கலாம் என்கிறது. ஆகையால் சச்சரவில்லாத வேலைக்கான தொகையைக் கொடுத்துவிட்டு, சச்சரவான தொகையை மட்டும் எழுத்தில் மறுப்பதே ஒழுங்கு.

இன்னும் ஒன்று, வாசகரே, இதுவே கடினமானது. நம் உதாரணத்திலுள்ள குடும்பத்தலைவர் அலுத்துப்போய், வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டு, கொதிக்கும் குறையைச் சொல்லாமல் வேறொருவருக்கு விற்றுவிட்டால் என்ன? மெக்கானிக் தமக்குச் செய்ததையே அவர் அயலானுக்குச் செய்கிறார். கீறலின்மேல் மெருகு பூசிவிட்டார். ஏமாந்தவன் பிறனை ஏமாற்ற உரிமை பெறுவதில்லை. குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே அவர் கடமை.

இதை வாசிப்பவர்களில் பட்டறை வைத்திருப்பவரும் இருப்பீர்கள். தவறு நேர்ந்ததென்று கண்டால் ஒப்புக்கொண்டு கூலியைத் திருப்பிக் கொடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் போதும், பணத்தைத் திருப்ப வேண்டாம் என்று எண்ணாதீர்கள். கவர்ந்ததை ஈடுசெய்யும் கடன் அதனால் நீங்குவதில்லை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சென்ற முறை வண்டியோ, வேறு எந்தப் பொருளோ பழுதுபார்த்தபோது பில் வாங்கினேனா?
2. ருசுவில்லாமல் எந்தத் தொழிலாளியின் பெயரையாவது கெடுத்தேனா? கெடுத்திருந்தால், யாரிடம் சொன்னேனோ அவரிடமே அதைத் திருத்தினேனா?
3. நான் செய்யும் வேலையை மற்றொருவர் சுண்டிப் பார்த்தால், கணீரென்று ஓசை வருமா?