மூன்றாம் மொழியாக ஸ்பானியம் – ஆறாண்டுத் திட்டம்

ஆலயத் துணைப்பாட வகுப்பில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பது இது: “பிள்ளைக்கு மூன்றாம் மொழி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஸ்பானியம் எடுத்தால் தமிழ் கெட்டுப்போகாதா?” இதே அச்சத்தால் என் மகன் விஷயத்தில் தவறு செய்தவன் நான். ஆகவே பட்டதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையம் 2014ஆம் ஆண்டு முதல் ஸ்பானியம் கற்பித்து வருகிறது. உயர்நிலை ஒன்றில் சேர்ந்து நான்காண்டுகள் படிக்க வேண்டும். தாய்மொழிக்குப் பதிலாக அன்று, அதற்கு மேல் கூடுதலாக. பள்ளி விட்டபின் நிலையத்துக்குத் தனியே பயணம் வேறு. என் மகனுக்கு உயர்நிலை இரண்டில் தமிழ் மதிப்பெண் இறங்கியது. உடனே ஸ்பானியத்தை நிறுத்தச் சொன்னேன். மிச்சமான பிற்பகல் தமிழுக்குப் போகவில்லை, பந்தாட்டத்துக்குப் போயிற்று. மறு ஆண்டு அவனே திரும்பச் சேர ஆசைப்பட்டான். சேர்க்கை உயர்நிலை ஒன்றில் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பி மகளின் முறை வந்தபோது வேறு வழியில் போனோம். ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியே படித்து அவள் திணறிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுடைய பாடநூலை வாங்கிப் பார்த்தேன். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியே சொல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடுகிறது, நம் தமிழைப் போலவே. ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அதே அமைப்பு. ‘தூ’ நீ, ‘உஸ்தெத்’ மரியாதைக்குரிய நீங்கள். ஒலியிலும் ஒற்றுமை உண்டு. ‘பெரோ’ என்று மெல்லச் சொன்னால் ‘ஆனால்’. ற-வைப் போல நாவை உருட்டிச் சொன்னால் நாய்! பரவை, பறவை என்று வகுப்பில் நாம் படும் பாடு வீண்போகவில்லை.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அங்கே உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. மேசை பெண்பால், ‘லா மேசா’. புத்தகம் ஆண்பால், ‘எல் லிப்ரோ’. முன்னால் வரும் சிறு சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி. (மேசை, அலமாரி இரண்டும் ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துகீசியத்திலிருந்து நம்மிடம் வந்தவை.)

உயர்நிலை மூன்றுதான் கண்டம். மற்றப் பாடங்கள் கனக்கும் அதே ஆண்டில்தான் ஸ்பானிய இலக்கணமும் அவளுக்குக் கனத்தது. ‘போனான்’, ‘போய்க்கொண்டிருந்தான்’ என்பது போல இறந்தகாலம் அங்கே இரண்டு வடிவாகப் பிரியும். அந்த ஆண்டு நடனம், நீச்சல் இரண்டில் ஒன்றை அவள் விட்டாள். தமிழையும் ஸ்பானியத்தையும் தொடவில்லை. தினம் இருபது நிமிடம், வாய்விட்டு.

அதன் பின்னான ஈராண்டையும் முன்பே யோசிக்க வேண்டும். தொடக்கக் கல்லூரியில் ஸ்பானியத்தைத் தொடர வழியுண்டா என்று உயர்நிலை மூன்றிலேயே விசாரித்துவிடுங்கள். ஐ.பி. பட்டயப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை, ‘மொழி பி’ என இரு வகுப்புகள் உண்டு. எளிதில் முழுப்புள்ளி வரும் என்று சில பெற்றோர் தொடக்கநிலையைக் கேட்கிறார்கள். அது மொழியே அறியாதவர்களுக்கானது. நான்காண்டு படித்தவருக்குப் பொருந்தாது. ‘மொழி பி’யில் பொதுநிலைக்கு 150 மணி நேரம், மேல்நிலைக்கு 240 மணி நேரம். மேல்நிலையில் இரண்டு இலக்கிய நூல்களை ஸ்பானியத்திலேயே படிக்க வேண்டும். வாசிக்கும் பழக்கமில்லாத பிள்ளைக்குப் பொதுநிலையே போதும் என்பது என் கருத்து.

பள்ளியில் தொடர முடியாதவர்கள் ஸ்பெயினின் செர்வாந்தேஸ் கழகம் நடத்தும் ‘டெலே’ தேர்வை எழுதலாம். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை.

என் தம்பி மகள் இப்போது மேல்நிலை முதலாண்டில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு உயர்நிலை ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், விருப்பத்தைத் தெரிவிக்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை துணைப்பாட வகுப்புக்கு வந்தால் அவளோடும் பேசலாம்.